நாடி பார்க்கிற தங்கக் கடிகாரம்

அந்த வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது நோயாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து போனில் பேசினார். அவர் முதலில் பேசியது அப்பாவைப் பற்றி அல்ல, அப்பா கையில் இருந்த கடிகாரத்தைப் பற்றி.

"சிஸ்டர், குளிப்பாட்டும்போது மட்டும் கழட்டுங்க. தண்ணி பட்டுடக் கூடாது. தெனமும் காலைல சாவி குடுத்துடுங்க. கழட்டி வெச்சிட்டு ரூமை விட்டுப் போயிடாதீங்க."

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். புதுச்சேரியில் படித்து, அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சில வருடம் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு மரக்காணத்துக்கு மேற்கே என் கணவரின் ஊரில் குடியேறினேன். அவர் மீனுக்கு ஐஸ் ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். எனக்குப் பகல் வேலை மட்டும் போதும் என்று இருந்தது. காலையில் பஸ்ஸில் வந்து, ஈ.சி.ஆரில் இறங்கி, உப்பளத்துக்கு நடுவே போகும் மண் பாதையில் நடந்தால் அந்த வீடு. இரண்டு பக்கமும் பாத்திகள். வீட்டைச் சுற்றி வேறு வீடே கிடையாது. அந்த உப்பளங்களின் முதலாளி அவர். எல்லோரையும் போல நானும் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டேன்.

கடிகாரத்தை முதல் நாள் பார்த்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தங்கம்தான், ஆனால் பளபளப்பு இல்லை. பழைய நகையில் இருக்குமே, கொஞ்சம் சிவந்த மஞ்சள், அந்த நிறம். தோல் பட்டை கறுத்துப் போயிருந்தது. முகப்பு ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது ஏடு படிந்த பாலைப் போல இருந்தது. சாவிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அழுத்தினால் நடுவில் சும்மா நிற்கும் மெல்லிய முள் ஓட ஆரம்பிக்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முள் ஒரே தாவில் மேலே போய் நின்றுகொள்ளும். எத்தனை நிமிடம் ஓடியது என்று சொல்ல உள்ளே ஒரு குட்டி வட்டம்.

எனக்குப் புரியாதது, அதை எதற்கு வலது கையில் கட்டியிருக்கிறார்கள் என்பது. அது விழுந்துபோன கை. சமையல் செய்யும் அக்காதான் சொன்னார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் ஒரே ஆர்ப்பாட்டம்மா. எடது கையில இருந்தத வலது கையில கட்டினப்புறம்தான் அடங்கினாரு. எடது கைதான வேலை செய்யுது? அதால அமுக்கணும் இல்ல, அந்தப் பொத்தான."

ஐயாவுக்குப் பேச்சு போனாலும் ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. 'இருக்குது.' பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், போதும் என்றாலும் அதுதான். பக்கவாதம் வந்தவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு சொல் தங்கிவிடுவது உண்டு. சொல்லும் விதத்தை வைத்து நாம்தான் பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காலையில் நாடி பார்க்க நான் மெஷினை எடுத்தால் இடது கையால் தள்ளிவிடுவார். தன் கடிகாரத்தைக் காட்டுவார். அந்த முகப்பின் ஓரத்தில் பிரெஞ்சு எழுத்தும் எண்களும் சுற்றி ஓடும். நாடி பார்க்கவென்றே டாக்டர்களுக்காகச் செய்த கடிகாரம் அது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. முள்ளை ஓடவிட்டு, முப்பது துடிப்பு எண்ணி, நிறுத்த வேண்டும். முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் நிமிடத்துக்கான நாடி. பெருக்க வேண்டாம், கூட்ட வேண்டாம். மாத்திரையால் அவருக்கு நாடி எப்போதும் மெதுவாகத்தான் ஓடும். முள் தினமும் பாதிச் சுற்றைத் தாண்டி, எழுத்துகளில் ஒன்று லேசாக அழிந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

நான் சேர்ந்து கொஞ்ச நாளில் அந்தச் சென்னைக்காரர் வந்தார்.

வெள்ளைக் கார், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். ஏற்றுமதி வியாபாரத்தில் இருந்தார். பழைய கைக்கடிகாரங்கள் சேர்ப்பது அவருக்குப் பழக்கம் என்றார். வாசலிலேயே தன் கையில் இருந்த கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வருவார். தன்னுடையது பட்டு ஐயாவின் கடிகாரத்தில் கீறல் விழுந்துவிடக் கூடாதாம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐயாவின் வலது கையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொள்வார். யாராவது பார்த்தால் அன்பான தம்பி என்று நினைப்பார்கள். கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று வைத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு குனிந்தால், அவர் நெற்றி ஐயாவின் மணிக்கட்டில் இடித்துவிடும் போல இருக்கும்.

ஒரு நாள் என்னைக் கேட்டார்: "சிஸ்டர், நான் எதுக்கு இத்தன தூரம் வர்றேன்னு நெனைக்கிறீங்க?"

"தங்கமாச்சேங்க."

சிரித்தார். "தங்கம் எங்க வேணா கெடைக்கும். இதோட காதப் பாருங்க, பட்டை மாட்டுற எடம். விளிம்பு எவ்ளோ கூரா இருக்குது. ஒரு தடவ பாலீஷ் போட்டிருந்தாக்கூட மழுங்கிப் போயிருக்கும். இத யாருமே தொடல. இந்த மொகப்பு கலரு இருக்குதே, இது காசு குடுத்தா வராது. உங்க உப்புக் காத்தும் வெயிலும் சேர்ந்து செஞ்சது. யாராவது செயற்கையா செஞ்சா எங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்."

"இது யாருதுங்க, முன்னாடி?"

"பாண்டிச்சேரில இருந்த ஒரு பிரெஞ்சு டாக்டரோடது. அவங்க குடும்பம் ஊரைவிட்டுப் போறப்ப வீட்டுச் சாமானோட வித்தாங்க. ஐயா அப்ப எளவட்டம், வாங்கிட்டாரு." பிறகு இன்னும் மெல்லிய குரலில் சொன்னார்: "இத வெச்சி எத்தினி பேருக்கு நாடி பாத்திருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க. அவங்கள்ல ஒருத்தராவது இன்னிக்கு இருப்பாங்களா? அந்தத் துடிப்பு அவ்ளோத்தையும் எண்ணினது இந்த முள்ளுதான். வேற எந்தப் பொருள்லயும் இது கெடைக்காது சிஸ்டர்."

அதைக் கேட்டதும் என் கை தானாகப் போய்ப் புடவையில் துடைத்துக்கொண்டது. அன்று காலைதான் சாவி கொடுத்திருந்தேன்.

அவர் விலை பேசி நான் கேட்டதில்லை. ஐயா தரமாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று, "பி.பி. எப்டி இருக்குது? சாப்புடுறாரா? டாக்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்பார். என் போன் நம்பரைக்கூட வாங்கி வைத்திருந்தார். நான் "பரவாயில்லங்க, தேறிட்டு வர்றாரு" என்று சொன்னால், "நல்லது, நல்லது" என்பார். சொல்லிவிட்டு உப்புப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். அக்காவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

"அந்தாளு ஐயாவப் பாக்க வரல. ஐயா கையப் பாக்க வர்றான். எப்ப கழண்டு வரும்னு பாக்குறான்" என்பார் அக்கா.

இவ்வளவும் எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது. ஆசைப்பட்டவர் காத்திருக்கிறார், அவ்வளவுதான். பயம் வந்தது ஐயாவின் கட்டைவிரலால்.

சில நாள் ஐயா எந்தக் காரணமும் இல்லாமல் இடது கையைக் கொண்டுபோய் மேல் பொத்தானை அழுத்துவார். முள் ஓட ஆரம்பிக்கும். அப்படியே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். விரலுக்குப் பயிற்சி என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் வந்து நிற்கும். அந்தச் சென்னைக்காரர் கை கழுவிக்கொண்டு உள்ளே நுழையும்போது ஐயா மறுபடி அழுத்தி முள்ளை நிறுத்துவார். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் ஏதோ நடந்தது என்று விடலாம். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவர் இல்லை, கிழமையும் ஒன்றில்லை.

ஒரு நாள் ஐயா அழுத்தியவுடன் நான் மொட்டை மாடிக்கு ஓடினேன். தூரத்தில், ஈ.சி.ஆரிலிருந்து மண் பாதைக்கு அந்த வெள்ளைக் கார் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. வெயிலில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது, சத்தம் துளியும் கேட்கவில்லை. கீழே வந்து ஐயாவின் தலையணையில் என் தலையை வைத்து அவர் பார்ப்பதைப் பார்த்தேன். ஜன்னல் கடல் பக்கம். பாதை இருப்பது எதிர்ப்பக்கம். நடுவில் மூன்று சுவர்.

அக்காவிடம் சொன்னேன். அக்கா அதை அப்படியே அந்த மனிதரிடம் சொல்லிவிட்டார், கொஞ்சம் பயந்து ஓடட்டும் என்று. அவர் சிரித்தார். ஆனால் அடுத்த தடவை காரை மரக்காணத்திலேயே விட்டுவிட்டு, யாரோ ஒரு உப்பளத்து ஆளின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது ஐயாவின் முகத்தை அல்ல. முள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று அவர் கண்ணாடியை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஐயா, இது எதுக்குங்க? என்னத்த எண்ணுறீங்க?" என்று கேட்டார்.

ஐயா முள்ளை நிறுத்தினார். குட்டி வட்டத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "இருக்குது" என்றார். நல்லபடியாகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆறுதல் சொல்கிற குரல். இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று சொன்னதாக எனக்குப் பட்டது. அவருக்கும் அப்படிப் பட்டிருக்க வேண்டும். காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு சில வாரம் வரவில்லை. இனி வரமாட்டார் என்று அக்கா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கடிகாரத்தைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வந்த களை எனக்குத் தெரியும். குழந்தையை முதல் தடவை கையில் வாங்கும் அப்பாக்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன்.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உப்பு வாருகிறவர்கள் விடியலில் வந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வெளியில் மனிதர் நடமாட்டமே இருக்காது. அப்படி ஒரு நாள் ஐயாவைத் துடைத்துவிட்டு, கடிகாரத்தைக் கட்டிவிட்டுத் திரும்பினேன். அவர் பொத்தானை அழுத்தினார்.

"அக்கா, கூட ஒரு காபி போடுங்க" என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னேன்.

யாரும் வரவில்லை. காபி ஆறிப்போனது. முள் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் துணி மடித்தேன், மாத்திரை எடுத்து வைத்தேன். குட்டி வட்டத்து முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி ஆரம்பித்திருந்தது. ஐயாவுக்கு வியர்த்தது. "நிறுத்தட்டுங்களாய்யா?" என்று கை வைத்தேன், தட்டிவிட்டார். "இருக்குது" என்றார். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "இருக்குது, இருக்குது." பிறகு இடது கையால் வலது கையை வாய்க்குத் தூக்கிக்கொண்டு வந்து, பட்டையைப் பல்லால் இழுக்க ஆரம்பித்தார்.

நான் பயந்துபோய்க் கழற்றிவிட்டேன். அவர் அதை வாங்கி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, வாசல் பக்கம் தள்ளினார்.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பாதையின் அந்தக் கோடியில், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. நகரவில்லை. காலையில் நான் நடந்து வந்தபோது அது அங்கே இல்லை. பூநாரை பார்க்க வருகிறவர்கள் அங்கே காரை நிறுத்துவது உண்டு. ஆனால் அந்த மாதத்தில் அந்தப் பக்கம் ஒரு பறவையும் இல்லை.

"அக்கா, ஐயாவப் பாத்துக்கோங்க. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"வெயில்ல எங்கம்மா போற?" என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது. நான் அதற்குள் பாதையில் ஓடிக்கொண்டிருந்தேன்.

உப்பளத்தில் உச்சி வெயிலில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். ஒளி மேலிருந்து மட்டும் வராது, கீழிருந்தும் வரும். கண்ணைச் சுருக்கினாலும் வெள்ளை, மூடினாலும் வெள்ளை. கார் தண்ணீரில் மிதப்பது போல ஆடியது. ஓட ஓட அது கிட்டே வராதது போல இருந்தது. காற்றே இல்லை. என் மூச்சும், மூடிய கைக்குள் அந்தக் கடிகாரத்தின் ஓட்டமும் தவிர வேறு சத்தமே கிடையாது. மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே போனேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. அவர் ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பெல்ட் கூடக் கழற்றவில்லை. கண் திறந்திருந்தது. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி, ஏதோ யோசனையில் உட்கார்ந்திருக்கிறார் என்றே நினைத்தேன். "சார்" என்று கண்ணாடியைத் தட்டினேன். கதவைத் திறந்தேன். ஏ.சி. காற்று முகத்தில் அடித்தது. அந்த வெயிலில் அது பனிக்கட்டி போல இருந்தது.

அவருடைய கைக்கடிகாரம் ஸ்டியரிங்குக்கு முன்னால் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். இடது மணிக்கட்டில், வெயில் படாமல் வெளுத்த ஒரு வட்டம். அந்த வட்டத்தின் மேல்தான் என் விரல்களை வைத்தேன். தோல் சில்லென்று இருந்தது. ஏ.சி.யால் என்று நினைத்துக்கொண்டேன்.

துடிப்பு இருந்தது.

சன்னமாக, ஆனால் சீராக. பழக்கத்தில் ஐயாவின் கடிகாரத்தை நிறுத்தி, முள்ளை மேலே தாவவிட்டு, மறுபடி ஓட்டினேன். முப்பது எண்ணினேன். நிறுத்தினேன். முள் பாதிச் சுற்றைத் தாண்டி, அந்த அழிந்த எழுத்துக்குப் பக்கத்தில் நின்றது. தினமும் காலையில் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பார்க்கிற இடம். ஒரு கோடு அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் இல்லை.

"இருக்குது" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்தேன்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறி மரக்காணம் அரசு மருத்துவமனைக்குப் போனேன். வண்டியில் வந்த பையன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் எடுத்த ஆக்சிஜன் முகமூடியைத் திரும்ப மாட்டினான். அங்கே இருந்த டாக்டர் இளம் பெண். தாடையைத் தொட்டுப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஹார்ட் அட்டாக்கா இருக்கும். போயி ரெண்டு மூணு மணி நேரமாவது ஆயிருக்குது சிஸ்டர்."

"இல்ல டாக்டர், நான் நாடி பாத்தேன். இருந்துச்சு."

"உங்க வெரல்ல இருக்கிற துடிப்பே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கே ஆயிருக்குது, பதட்டத்துல" என்று தோளைத் தட்டினார்.

அப்படி நடப்பது எனக்கும் தெரியும், படிக்கும்போதே சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் நான் அந்த வெயிலில் அவ்வளவு தூரம் ஓடி வந்தவள். என் நெஞ்சு தொண்டையில் அடித்துக்கொண்டிருந்தது. அது என் துடிப்பாக இருந்திருந்தால் முள் பாதிக்கு முன்னாலேயே நின்றிருக்க வேண்டும். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. மருத்துவமனை வாசலில் ஒரு உப்பு லாரி டிரைவர் நின்றுகொண்டிருந்தார். காலையில் லோடு ஏற்ற வரும்போதே அந்தக் கார் அங்கே நின்றிருந்ததாகச் சொன்னார். யாரோ தூங்குகிறார்கள் என்று ஹாரன் அடிக்காமல் சுற்றிக்கொண்டு போனாராம். அப்படியென்றால் ஐயா பொத்தானை அழுத்தியபோது பாதையில் எந்தக் காரும் திரும்பவில்லை. அது அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்து நின்றிருந்தது.

ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் கவனித்தேன், கடிகாரம் இன்னும் என் கைக்குள் இருந்தது. பொத்தான் அழுந்திய தடம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

ஐயா விழித்துக்கொண்டிருந்தார். "போயிட்டாருங்கய்யா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். கடிகாரத்தைக் கட்டப் போனபோது, இடது கையால் தன் வலது கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் சாவி கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நாடி பார்க்க நான் மெஷினைக் கொண்டுவந்தபோது தள்ளவில்லை.

கடிகாரம் அலமாரியில் கிடந்தது. ஆனால் அவர் கட்டைவிரல் நிற்கவில்லை. சில காலைகளில் அது போய், வெறும் தோலில் பொத்தான் இருந்த இடத்தை அழுத்தும். முதல் சில தடவை நான் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பாதை வெறுமனே கிடந்தது. பிறகு பார்க்கப் போவதை விட்டுவிட்டேன். அக்கா ஒரு நாள், "ஏம்மா, அவரு வந்துட்டுத்தான் இருக்காரா?" என்று கேட்டார். அடுப்பைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

முதல் மழைக்கு முன்னால், அந்தச் சென்னைக்காரரின் மனைவி வந்தார். போனில் கேட்டுவிட்டுத்தான் வந்தார். ஒடிசலான பெண்மணி. கண்ணாடி போட்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. வாசலில் நின்று உப்பளத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்கதான் வருவாராம்மா? என்கிட்ட வேலையா போறேன்னுதான் சொல்லுவாரு. உங்க நம்பர் அவர் போன்ல இருந்துச்சு. வேற யாரோ பொம்பளைன்னு நெனச்சேன், தப்பா எடுத்துக்காதீங்க."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஐயாவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னைத் தனியே வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நீங்கதான மொதல்ல போய்ப் பாத்தீங்க. மறைக்காம சொல்லுங்க. அப்ப அவருக்கு உயிர் இருந்துச்சா? ஆஸ்பத்திரில என்னென்னமோ சொன்னாங்க. ரொம்ப நேரம் தனியா கெடந்து போனாரோன்னுதான் எனக்குத் தூக்கமே வரல."

என் கை அறிந்தது ஒன்று, டாக்டர் சொன்னது ஒன்று.

"கைய புடிச்சிட்டு இருந்தேம்மா. துடிப்பு இருந்துச்சு. அமைதியாத்தான் இருந்தாரு" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெகு நேரம் விடவில்லை.

பிறகு துணிப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். சிவப்புத் தோல், ஓரத்தில் தங்கக் கோடு, பழையது. "அவரு அலமாரில நெறைய வாட்ச் இருக்குது. ஒவ்வொண்ணும் அதது பெட்டில. இது ஒண்ணு மட்டும் காலியா இருந்துச்சு. என்னமோ, இதுக்குள்ள இருக்க வேண்டியது இங்க இருக்குதுன்னு தோணிச்சு." திறந்து காட்டினார். வெளுத்த பட்டுத் துணியில், வட்டமான ஒரு பள்ளம். எங்கேயோ வெளிநாட்டில் தேடி, அந்தக் கடிகாரத்துக்கான அதே காலத்துப் பெட்டியை அவர் வாங்கி வைத்திருக்கிறார். கடிகாரம் ஐயா கையில் இருக்கும்போதே. எத்தனை வருடமாக வைத்திருந்தாரோ.

பெட்டியை ஐயாவின் கட்டிலில் வைத்தேன். அவர் அதை வெறித்துப் பார்த்தார். கோபப்பட்டால் பி.பி. ஏறிவிடும் என்று பயந்தேன். அலமாரியைக் கை காட்டினார். நான் கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். இடது கையாலேயே பட்டையை மடித்து, அந்தப் பள்ளத்தில் வைத்தார். அச்சாக உட்கார்ந்தது. மூடியைச் சாத்தி, பெட்டியை அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தினார்.

"இருக்குது" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "எடுத்துக்கச் சொல்றாருங்க" என்றேன்.

"ஐயோ, எனக்கு எதுக்குங்கய்யா? வீட்ல இருக்கறத என்ன பண்றதுன்னே தெரியல. பெட்டி உங்களோடது, அதுதான் குடுத்துட்டுப் போக வந்தேன்" என்று எழுந்துகொண்டார். போகும்போது அந்தப் பாதையில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, இறங்கி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதை மாடியிலிருந்து பார்த்தேன்.

ஐயா அந்த மழைக்காலத்தைத் தாண்டினார், அடுத்ததைத் தாண்டவில்லை. பாத்திகளெல்லாம் மழைத் தண்ணீரில் மூழ்கி, வீடு ஒரு தீவு போல நின்ற நாட்களில், மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணசந்தவர் எழவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கையைப் பிடித்துப் பார்த்தேன், கழுத்தில் பார்த்தேன், மெஷினிலும் பார்த்தேன். இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மகன் வந்து காரியங்களை முடித்துவிட்டுப் பெட்டியோடு போனார். சில மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது கோட்டக்குப்பத்தில் வேறொரு வீட்டில் இருந்தேன். கடிகாரத்தை சிங்கப்பூரில் ஒருவர் வாங்கியிருக்கிறாராம். பெட்டியோடு இருந்ததில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷமாம்.

"அவரு ஒண்ணு கேக்குறாரு சிஸ்டர். இது யார் யார் கையில இருந்துச்சுன்னு எழுதிக் குடுக்கணுமாம். வாங்குறவங்களுக்கு அதுல ஒரு ஆசை. டாக்டரு, அப்புறம் அப்பா. அவ்ளோதான? நடுவுல வேற யாருகிட்டயும் போகலல்ல?"

சுட்டெரிக்கிற கார்க் கண்ணாடிக்குள் இருந்த அந்தக் குளிரும், வெளுத்த மணிக்கட்டும் நினைவுக்கு வந்தன.

"ஒருத்தர்கிட்ட இருந்துச்சுங்க" என்றேன். "கொஞ்ச நேரம்தான்."

"யாருகிட்ட? கொஞ்ச நேரம்னா?"

"அரை நிமிஷம் இருக்கும்."

அவர் சிரித்துவிட்டார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, வேலை எப்படிப் போகுது என்று கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டார். உள்ளே நோயாளி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு போனேன்.